பரணில் கிடந்த வீணையும் யாழ்நூலும்

போன சித்திரையில் நத்தம் வீட்டின் ஓடு மாற்ற ஆள் வந்தபோது, பரணில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கினோம். அண்டா, உடைந்த தொட்டில், அப்பாவின் பள்ளிக்கூடப் பதிவேடுகள். இவற்றோடு பழைய பருத்திப் புடவை இரண்டு சுற்றி, மேலே கோணிச் சாக்கு போர்த்திய ஒரு வீணையும் இறங்கியது. அத்தையின் வீணை. 1989-க்குப் பிறகு அதை யாரும் தொட்டதில்லை. அந்த வருஷம் அத்தை வீட்டில் ஒரு சாவு. அதற்குப் பின் வாசிப்பை விட்டுவிட்டார். யாரும் கேட்கவும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வீணையைப் பற்றியது மட்டும் இல்லை. வீணை இறங்கிய அதே மாதம் நான் சுவாமி விபுலானந்தரின் யாழ்நூலை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று மோதின. யாழ்நூலைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக இரண்டு வகை: வணங்கிவிட்டு நகர்பவர்கள், படிக்காமலே வணங்குபவர்கள். நானும் பல வருஷம் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். இப்போது, நீண்டகாலம் வாசிக்கப்படாத ஒரு கருவிக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அந்த நூலை வேறு மாதிரி படிக்கத் தோன்றுகிறது.

முதலில் வீணை. ஊரில் எல்லோரும் சொல்வது: "வாசிக்காம விட்டா வாத்தியம் செத்துப் போகும், நாதம் உறைஞ்சு போகும்." வெளிநாட்டு வயலின்காரர்களும் இதையே சொல்கிறார்கள். பாகனினியின் வயலின் ஒன்று 1743-ல் குவார்னேரி செய்தது. பாகனினி அதை ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்தார். கண்ணாடிப் பேழையில் இருந்தாலும் அவ்வப்போது எடுத்து யாராவது வாசிக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இது உண்மையா என்று சோதித்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்டா, ஸ்மித், வுல்ஃப் என்ற மூவர், ஒரே கைவினைஞர் ஒரே மாதிரி செய்த இரண்டு வயலின்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய சும்மா கிடந்தது. மற்றதை ஒரு கலைஞர் தொடர்ந்து வாசித்தார். மூன்று வருஷம் கழித்து இரண்டையும் வாசித்துப் பார்த்தவர்களாலும் கேட்டவர்களாலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 2005-ல் வெளியிட்டார்கள். மறுபக்கம், 1996-ல் நேச்சர் இதழில் வந்த ஹன்ட், பால்சன் இருவரின் குறிப்பு, ஈரப்பதம் மிகுந்த நிலையில் மரத்தை அதிரவைத்தால் அதன் விறைப்பு கூடி அதிர்வை விழுங்கும் தன்மை குறைகிறது என்றது. ஆக விவகாரம் முடியவில்லை. ஆனால் "நாதம் உறைஞ்சு போகும்" என்ற அளவுக்கு எதுவும் இல்லை என்பது என் முடிவு.

எங்கள் வீணைக்கு ஆனது வேறு. தந்திகளைத் தளர்த்தாமலே கட்டிவைத்திருந்தார்கள். மேலே இருக்கும் இரண்டு எஃகுத் தந்தியும் துருப்பிடித்து, ஒன்று குதிரையிடம் அறுந்து சுருண்டு கிடந்தது. பித்தளைத் தந்திகள் பச்சையாகக் களிம்பேறி இருந்தன. இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டே இருந்ததில் தண்டி குடத்தோடு சேரும் இடத்தில் ஒரு விரல் நகம் போகும் அளவு பிளவு. சுரைக்காயை எலி தின்றிருந்தது. பிரடை ஒன்று இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது, மற்றொன்று நிற்காமல் வழுக்கியது. குடத்துக்குள் செல்லரித்த தூள் கொஞ்சம். நல்லவேளை, பலாமரம்; கரையான் புடவையைத் தின்றுவிட்டு மரத்தை விட்டுவைத்திருந்தது.

பரணில் ஒரு சின்ன உணரியை வைத்துப் பார்த்தேன் (தொழில் புத்தி போகுமா?). சித்திரை, வைகாசிப் பகலில் ஓட்டுக்கு அடியில் வெப்பம் 45 பாகையைத் தொட்டது, ஈரப்பதம் முப்பதுக்குக் கீழே. ஐப்பசி மழையில் அதே இடத்தில் ஈரப்பதம் 85. வருஷா வருஷம் மரம் உறிஞ்சி, உலர்ந்து, வீங்கி, சுருங்கி. இது முப்பத்துச் சொச்சம் தடவை நடந்திருக்கிறது. கருவியைக் கெடுத்தது அதிராமல் இருந்தது இல்லை. யாரும் பார்க்காமல் இருந்தது. வாசிக்கிற வீட்டில் தந்தி அறுந்தால் அன்றைக்கே தெரியும். பிளவு மயிரிழையாக இருக்கும்போதே சுருதி நிற்கவில்லை என்று எரிச்சல் வரும், ஆசாரி வீட்டுக்கு ஆள் போகும். வாசிப்பு என்பது ஒருவகையில் தினசரிப் பரிசோதனை.

இதைப் பழைய ஆட்களும் அறிந்திருந்தார்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் சீவகன் யாழ்ப் போட்டிக்கு வந்து நிற்கிறான். கொடுத்த யாழை வாங்கி உடனே வாசிப்பதில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான்: இது நீரில் நின்று இளகிய மரம், இது வாள்காயம் பட்ட மரம், இது இடி விழுந்த மரம். நரம்பைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதைக் காட்டுகிறான். நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நான்கு குற்றங்களை இசை மரபு எண்ணி வைத்திருக்கிறது. காதல் காட்சி என்று சொல்லிப் பாடம் நடத்துவார்கள். எனக்கு அது சரக்கு இறங்கும் இடத்தில் தர ஆய்வாளர் நிற்கிற காட்சியாகத்தான் தெரிகிறது. திருத்தக்கதேவருக்கு மரமும் நரம்பும் பழகியிருக்கிறது.

இப்போது யாழ்நூல். விபுலானந்தர் (1892–1947) மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி., அறிவியல் ஆசிரியர், பிறகு துறவி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். நூல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடு. 1947 ஜூன் 5, 6 தேதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்த கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், வாசித்தும் காட்டினார்கள். உடல்நலம் கெட்டிருந்த நிலையில் அவர் அதைப் பார்த்தார். அடுத்த மாதம், ஜூலை 19, காலமானார்.

இந்த நூலின் பெருமையைச் சுருக்கிச் சொல்ல மாட்டேன். ஒரு பழைய யாழ்கூடக் கையில் கிடைக்காத நிலையில், சிலப்பதிகாரம், அதன் உரைகள், பத்துப்பாட்டு, சிற்பங்கள் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கருவியைத் திரும்பக் கட்டுகிறார். என் தொழில் மொழியில் சொன்னால், மூல நிரல் இல்லை, ஓடுகிற இயந்திரம் இல்லை, பயனர் கையேட்டில் கிழிந்த நாலு பக்கம் மட்டும் இருக்கிறது. அதிலிருந்து மொத்த அமைப்பையும் எழுதுவது. அவர் வெறும் சொல்லாராய்ச்சி செய்யவில்லை. எண்களைப் போட்டார். தவறு என்றால் தவறு என்று காட்டக்கூடிய எண்கள். தமிழிசை பற்றி அதற்குப் பிறகு வந்த பல புத்தகங்களிடம் இல்லாத நேர்மை இது.

ஆனால் நூல் எங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கு நம்ம பக்கத்து ஆள் ஒருவரைக் கூப்பிட வேண்டும்: ஆபிரகாம் பண்டிதர். தஞ்சாவூர்க்காரராக அறியப்பட்டாலும் ஆசிரியப் பயிற்சி படித்தது திண்டுக்கல்லில், வயலின் கற்றதும் இங்கேதான். (நத்தத்துக்காரன் திண்டுக்கல்லைச் சொந்தம் கொண்டாடக் கூடாதா என்ன?) அவருடைய கருணாமிர்த சாகரம் 1917-ல் வந்தது. விபுலானந்தர் படித்த அதே சிலப்பதிகாரத்தை, அதே உரைகளைப் பண்டிதரும் படித்தார். வந்து சேர்ந்த இடம் வேறு. பண்டிதருக்கு ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி, எல்லாம் சம அளவு. விபுலானந்தருக்கு 22 அலகு: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. அலகுகள் சமம் இல்லை. மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கு நான்கு என்ற இயற்கை விகிதங்களில் இருந்து வருபவை.

இரண்டு பேருமே சாதாரண ஆட்கள் இல்லை. இரண்டு பேருமே கணக்குத் தெரிந்தவர்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? பண்டிதர் கட்சிக்காரர்களும் விபுலானந்தர் கட்சிக்காரர்களும் இதற்கு ஆளுக்கொரு வசைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது எளிமையானது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய கருவி இல்லை. அதுதான் காரணம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், இயற்கை விகிதத்தில் பஞ்சமம் 702 சென்ட், சம அளவில் 700. இந்த இரண்டு சென்ட்டை யார் காதும் பெரிதாகக் கண்டுபிடிக்காது. அந்தர காந்தாரத்தில் கதை மாறுகிறது: 386-க்கும் 400-க்கும் 14 சென்ட் இடைவெளி. ஆதார ஸட்ஜம் 165 ஹெர்ட்ஸ் என்றால், ஸட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரமும் காந்தாரத்தின் நாலாம் மேற்சுரமும் சம அளவு முறையில் ஒன்றோடொன்று உரசி, விநாடிக்கு ஆறு ஏழு தடவை அலையடிக்கும். இயற்கை விகிதத்தில் அலை நின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மீட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடக் கேட்கும். யாழ் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம் உள்ள கருவி. திறந்த நரம்புகளைச் சேர்த்து மீட்டிப் பண்ணமைத்த பாணருக்கு இந்த வழக்கு ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். நமக்கு இரண்டாயிரம் பக்கம் எழுதியும் தீரவில்லை. யாழ்நூலில் கருவி கட்டிக் காட்டியது சான்றாகாதா என்று கேட்கலாம். ஆகாது. 22 அலகு என்று முடிவுசெய்து அதன்படி கட்டிய கருவி 22 அலகைத்தான் பாடும். நானே எழுதிய நிரலை நானே எழுதிய சோதனையால் தேர்ச்சிபெறச் செய்வது மாதிரி.

இதே சோதனையை என் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கும், தெரியும்தானே. தேன்மெழுகில் கரித்தூள் மாதிரி ஒன்றைச் சேர்த்து, தண்டியின் இரண்டு பக்கமும் கரை கட்டி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, காதால் கேட்டு நகர்த்தி அழுத்துவார்கள். மேளம் கட்டுவது என்று பேர். எங்கள் வீணையில் மெழுகு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒன்பது மெட்டுகள் கழன்று சாக்குக்குள் கிடந்தன. ஆனால் அவை உட்கார்ந்திருந்த அச்சு மெழுகில் அப்படியே இருந்தது. ஊர் நகரக் கல்லறைகளில் லெனார்டு வுல்லி செய்ததை நினைத்துக்கொண்டேன். நாலாயிரத்தைந்நூறு வருஷத்தில் யாழின் மரம் முழுக்க மக்கி மண்ணில் வெறும் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டைக்குள் சாந்தை ஊற்றி வடிவத்தை எடுத்தார். எனக்குச் சாந்து தேவைப்படவில்லை, எஃகு அளவுகோல் போதும்.

குதிரையிலிருந்து மேரு வரை 84 சென்டிமீட்டர். நாலாவது மெட்டின் அச்சு, அதாவது அந்தர காந்தாரம், குதிரையிலிருந்து 67. கணக்குப் போட்டால் 391 சென்ட். பண்டிதருக்கும் விபுலானந்தருக்கும் நடுவில்! அச்சில் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகினாலே நாலு சென்ட் போய்விடும். அதோடு தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது இழுவிசை கூடிச் சுரம் கொஞ்சம் ஏறும், அது எவ்வளவு என்பது அந்தக் காலத்துத் தந்தியின் கனத்தைப் பொறுத்தது, அந்தத் தந்தி துரு. குதிரையின் பித்தளைத் தகடு வேறு தட்டையாக இல்லாமல் மெல்ல வளைந்தது. தந்தி அதன்மேல் உரசி உரசி அதிர்வதால்தான் வீணைக்கும் தம்புராவுக்கும் அந்த நாதம் என்று 1921-லேயே சி. வி. ராமன் எழுதினார். அந்த வளைவால் தந்தியின் நீளம் எங்கே முடிகிறது என்பதே சர்ச்சை. சுருக்கமாக, 35 வருஷம் மட்டும் சும்மா கிடந்த, மரம் முழுசாக இருக்கிற, வாசித்தவர் உயிரோடு பக்கத்து அறையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிற ஒரு கருவியின் ஒரே ஒரு சுரத்தை அளந்து சொல்ல என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு யாழ்நூலின் உறுதியான எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அத்தையிடம் போனேன். வயது 76. வலது கை விரல் மூட்டு வீங்கியிருக்கும். "அத்தை, ஒரு தந்தி மட்டும் புதுசு போட்டிருக்கேன், பாக்குறீங்களா?" என்றேன். சாரணி மட்டும், பிளவுக்குப் பயந்து இரண்டு கட்டை இறக்கியே முறுக்கினேன். "நான் எதுக்குப்பா, கை வராது" என்றார். அரைமணி நேரம் கழித்து அவராகவே வந்து தரையில் உட்கார்ந்தார். மடியில் வைக்கத் தெம்பில்லை. முதலில் தந்தியைத் தட்டி முகம் சுளித்தார். பிறகு மீதி இருந்த மெட்டுகளில், ஒரு வர்ணத்தின் பாதி. மெட்டு இல்லாத இடம் வரும்போது நிறுத்தாமல் முந்தின மெட்டிலேயே தந்தியை இழுத்து அந்தச் சுரத்தைக் கொண்டுவந்தார். இழுத்துவிட்டுத் திரும்பி வரும்போது ஒரு சின்ன உலுக்கல். அப்படி ஒன்றை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

"இதுக்கு என்ன பேரு அத்தை?"

"பேரெல்லாம் என்னத்த. டீச்சர் அப்பிடித்தான் இழுப்பாக."

மதுரையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த அந்த டீச்சர் போய் நாற்பது வருஷம் ஆகிறது. அவரிடம் கற்ற வேறு யாரையும் அத்தைக்குத் தெரியாது.

யாழ்நூல் மேல் என் முக்கியமான குறை இங்கேதான் பிறக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கி வாசிக்கும் இடத்தில் கைத்தொழில்கள் எட்டெட்டாக வருகின்றன. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. பிறகு வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. பழைய உரை சிலவற்றுக்கு விளக்கமும் தருகிறது: வார்தல் சுட்டுவிரலின் தொழில், வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து நரம்பின் உள்ளும் புறமும் ஆராய்வது. பதினாறு பெயர் இருக்கிறது, ஒருத்தர் கையிலும் அவை இல்லை. யாழ்நூல் தன் பலத்தை எல்லாம் அலகிலும் பாலையிலும் பண்ணிலும் செலவிடுகிறது, ஏனென்றால் கணக்கால் மீட்கக்கூடியது அதுதான். கையைக் கணக்கால் மீட்க முடியாது. இதை அவர் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் மீட்க முடிந்ததும் முடியாததும் எவை என்று பிரித்துக் காட்டும் ஓர் இயல் அந்த நூலில் இருந்திருக்கலாம். அது இல்லாததால், பின்னால் வந்தவர்கள் "யாழ் மீண்டுவிட்டது" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

இன்னும் நடக்கிறது. சென்னையில் தருண் சேகர் போன்றவர்கள் யாழைப் புதிதாகச் செய்து வாசிக்கிறார்கள். நான் ரசித்துக் கேட்கிறேன். அது புதுக் கருவி, நல்ல கருவி. இரண்டாயிரம் வருஷத்து ஒலி என்று தலைப்புப் போடுபவர்கள்தான் தொந்தரவு. வில் வடிவ யாழ் அறுபடாமல் வந்த இடம் ஒன்று இருக்கிறது, மியான்மர். அங்கே சவுங் என்கிறார்கள். படகு மாதிரி உடல், மேலே மான்தோல், வளைந்த கழுத்து, முன்பு பட்டு நரம்பு, இப்போது நைலான். நம் பொருநராற்றுப்படை பத்தரையும் போர்வைத் தோலையும் வர்ணிக்கிற பகுதியைப் படித்துவிட்டு ஒரு சவுங்கைப் பார்த்தால் திக்கென்று இருக்கும். நரம்பும் முடுக்காணியும் மாறிவிட்டன, கை மாறாமல் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யாழ் ஆராய்ச்சிக்குப் போகிற இளைஞர்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முன் யாங்கோனில் ஓர் ஆசிரியரிடம் ஆறு மாதம் உட்காரலாம் என்பது என் யோசனை. அவர்கள் வாசிப்பது நம் பண் இல்லைதான். ஆனால் திறந்த நரம்பில் விரல் என்னென்ன செய்ய முடியும் என்பதாவது தெரியும். அந்தப் பதினாறு சொற்களில் நாலைந்துக்காவது அர்த்தம் பிடிபடலாம்.

தஞ்சாவூரில் ஓர் ஆசாரியிடம் படங்களை அனுப்பினேன். பிளவை ஒட்டிவிடலாம், சுரைக்காய்க்குப் பதில் வேறு போட்டுக்கொள்ளலாம், மெழுகு முழுதும் சுரண்டிப் புதுசாகத்தான் மேளம் கட்டவேண்டும் என்றார். பழைய மெழுகைச் சுரண்டினால் அச்சு போய்விடும். அதனால் 24 இடத்தையும் அளந்து, படம் எடுத்து, ஒரு பேப்பரை வைத்துத் தேய்த்துப் படியும் எடுத்துவிட்டேன். அத்தை இழுத்ததைச் செல்பேசியில் பதிந்ததும் நாலு நிமிஷம் இருக்கிறது. மேளம் கட்டும்போது கருவியை வைத்துச் சுருதி பார்க்கட்டுமா என்று ஆசாரி கேட்டார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்வார் என்றேன். அத்தைக்கு அது பிடித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் மறுக்கவில்லை.

ஐப்பசியில் வரச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "மழையில மரம் ஊதிக் கெடக்கும்ப்பா, அப்ப கட்டுனா பங்குனியில எல்லாம் கழண்டுரும். தை பொறக்கட்டும்" என்றார். என் உணரி வரைந்த கோட்டுப்படமும் அதையே சொன்னது, அதை அவரிடம் காட்டவில்லை. வீணை இப்போது கூடத்தில் பழைய மெத்தை ஒன்றின்மேல் கிடக்கிறது. போகிறபோதும் வருகிறபோதும் அந்த ஒற்றைச் சாரணியை யாராவது தட்டிவிட்டுப் போகிறார்கள்.